கடலுக்குத் தனியாக ஒரு வருடப்பிறப்பு

வருடம் எப்போது பிறக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஜனவரி 1 என்பார் ஒருவர். சித்திரை 1 என்பார் இன்னொருவர். எங்களைப் போல பி.காம். படிப்பவர்களைக் கேட்டால் ஏப்ரல் 1 என்போம். (சிரிக்காதீர்கள், முட்டாள்கள் தினத்தைச் சொல்லவில்லை. நிதியாண்டைச் சொல்கிறேன்.) மார்ச் 31 அன்று கணக்கை முடித்து, இருப்பைச் சரிபார்த்து, மறுநாள் புதுப் பக்கம் திருப்ப வேண்டும். வானத்தில் அன்றைக்கு ஒரு மாற்றமும் நடப்பதில்லை. வேலைக்கு அந்தத் தேதி வசதி, அவ்வளவுதான்.

ஒரே ஊரில் இப்படி இரண்டு மூன்று வருடப்பிறப்புகள் இருப்பது நமக்கு மட்டும் உரியதல்ல. ஈரானின் தெற்குக் கடற்கரையிலும் அதே கதைதான். அந்த நாட்டின் பெரிய பண்டிகை நவ்ரூஸ். ‘நவ்’ என்றால் புது, ‘ரூஸ்’ என்றால் நாள். (நாம் நவீனம், நவநாகரிகம் என்று சொல்லும்போது வரும் ‘நவ’வும் இதுவும் ஒரே வேரில் முளைத்தவை.) மார்ச் 20 அல்லது 21 வாக்கில், பகலும் இரவும் சமமாகும் வேளையில் நவ்ரூஸ் பிறக்கிறது. யுனெஸ்கோ 2009ல் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2010ல் ஐ.நா. பொதுச்சபை மார்ச் 21ஐ உலக நவ்ரூஸ் தினமாக அறிவித்தது. இது எல்லோருக்கும் தெரிந்த நவ்ரூஸ்.

இன்னொரு நவ்ரூஸ் இருக்கிறது. அது ஜூலைக் கடைசியில், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், பாரசீக வளைகுடாவின் ஓரத்தில் பிறக்கிறது. அதற்குப் பெயர் ‘நவ்ரூஸே சய்யாத்’. மீன்பிடிப்பவரின் புத்தாண்டு என்று பொருள். கடல் நவ்ரூஸ் என்றும் சொல்வார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது நவ்ரூஸைப் பற்றியும், அதற்குப் பின்னால் இருக்கும் கடலோடிகளின் நாள் கணக்கைப் பற்றியும்.

சலாக்கில் ஒரு நாள் விடுமுறை

வளைகுடாவிலேயே பெரிய தீவு கெஷ்ம். ஹோர்முஸ் நீரிணைக்கு உள்ளே, ஈரான் கரையை ஒட்டி, மீன் வடிவத்தில் நீண்டு கிடக்கிறது. பரப்பு சுமார் 1500 சதுர கிலோமீட்டர். அதன் தென்கரையில் சலாக் என்று ஒரு மீனவ கிராமம். கடல் நவ்ரூஸ் இன்று அதிகம் பேசப்படுவது இந்த ஊரை வைத்துத்தான்.

ஈரானியக் காலண்டரில் தீர் மாதம் முடிந்து மொர்தாத் பிறக்கும் சமயம், நம் கணக்கில் ஜூலை 22 வாக்கில், இந்த நாள் வருகிறது. அன்று யாரும் மீன்பிடிக்கப் போவதில்லை. மீன் சாப்பிடுவதும் இல்லை. படகுகள் கரையில் ஓய்வெடுக்கும். ஆனால் ஊர் மொத்தமும் கடலுக்குப் போகும், குளிப்பதற்காக! அன்று கடலில் தலை முழுகினால் வருடம் முழுக்க நோய் அண்டாது என்பது நம்பிக்கை. ஆடுமாடுகளின் நெற்றியிலும் வீட்டு வாசலிலும் செம்மண் பூசுவதும் உண்டு. அப்புறம் ஆட்டம், பாட்டு. ஆண்கள் வரிசையாக நின்று மேளத்துக்கு ஏற்ப அசைந்து ஆடும் ‘ரஸீஃப்’ ஆட்டம் இந்தக் கரையின் பழைய சொத்து. ஒட்டக வேடம் கட்டியவரும் வினோத உடை போட்டவர்களும் கூட்டத்துக்குள் புகுந்து கலாட்டா செய்வார்கள்.

எதற்காக மீனைத் தொடாமல் இருக்கிறார்கள்? அது மீன்கள் பெருகும் காலம், அன்றைக்காவது அவற்றை விட்டுவிட வேண்டும் என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம். வருடம் முழுவதும் சோறு போடும் கடலுக்கு ஒரு நாள் லீவு கொடுப்பது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. மார்ச் நவ்ரூஸுக்கு ஈரானிய வீடுகளில் ‘ஹஃப்த் சீன்’ என்று ஒரு மேசை அலங்கரிப்பார்கள். ‘ஸ’ ஓசையில் தொடங்கும் ஏழு பொருட்கள் அதில் இருக்கும். பல வீடுகளில் பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீனும் இருக்கும். ஆக, நகரத்துப் புத்தாண்டில் மீன் கிண்ணத்துக்குள் வருகிறது. கடற்கரைப் புத்தாண்டில் மீனை அதன் இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள் :-)

ஏன் ஜூலை?

கோடை நடுவில் வருடம் பிறப்பது ஈரானில் இந்தக் கரையில் மட்டும் நடப்பதல்ல. வடக்கே காஸ்பியன் கடலோரம் இருக்கும் மாசந்தரான் பகுதியின் பழைய தபரி காலண்டரிலும் வருடம் ஜூலை 23 வாக்கில்தான் தொடங்குகிறது. அதற்கு அடுத்த கீலான் பகுதியில் ஆகஸ்ட் தொடக்கத்தில் மலைமேல் தீ மூட்டி ‘நவ்ரூஸ்பல்’ கொண்டாடுகிறார்கள். ‘பல்’ என்றால் அங்கே தீச்சுடர். ஆடு மேய்ப்பவருக்கும் விவசாயிக்கும் அந்தக் கணக்கு ஒத்துப்போகிறது.

தெற்குக் கடலோடிக்கு வேறு காரணம். அவர் வருடத்தைத் தீர்மானிப்பது காற்று.

நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று என்றால் மழை. பாய்மரக் கப்பல்காரருக்கு அது பூட்டு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அரபிக்கடலில் காற்று பேயாட்டம் ஆடும். இந்தியாவின் மேற்குக் கரைத் துறைமுகங்களுக்குள் நுழைய முடியாது. நுழைந்தாலும் கப்பல் தரைதட்டி உடையும். கடல் சுமார் 90 நாட்கள் மூடிக் கிடக்கும் என்று பழைய மாலுமி நூல்கள் கணக்குச் சொல்கின்றன. ‘மான்சூன்’ என்ற சொல்லே ‘மவ்சிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பருவம் என்று அதற்குப் பொருள். மாலுமிகளிடம் அந்தச் சொல்லுக்கு ‘இன்ன துறைமுகத்திலிருந்து கிளம்ப ஏற்ற நாள்’ என்ற குறிப்பான அர்த்தமும் இருந்தது. இப்போது நாம் மழை என்று நினைக்கும் சொல், அவர்களுக்குக் கிட்டத்தட்ட ரயில்வே கால அட்டவணை!

ஆகஸ்ட் முடிகிற நேரத்தில் காற்றின் வேகம் தணியும். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு இந்தியாவுக்குப் போகலாம். செப்டம்பர், அக்டோபரில் பாஸ்ரா பக்கம் பேரீச்சம்பழம் அறுவடையாகிக் கப்பலுக்குச் சரக்கு தயாராகும். குளிர்காலத்தில் காற்று திசைமாறி வடகிழக்கிலிருந்து வீசும். அதில் பாய் விரித்தால் கிழக்கு ஆப்பிரிக்காவின் லாமு, சான்சிபார் வரை போகலாம். வீடு கட்ட உதவும் சதுப்புநிலக் காட்டுக் கழிகளை ஏற்றிக்கொண்டு, ஏப்ரல், மே மாதங்களில் காற்று மறுபடி மாறும்போது அதோடு திரும்பி வந்துவிடலாம். ஜூனில் கடல் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

இப்போது பாருங்கள். ஜூலைக் கடைசி என்பது போன பருவம் முடிந்து, அடுத்த பருவம் தொடங்காத இடைவெளி. கடையை அடைத்துவிட்டு இருப்பெடுக்கும் நாட்கள். படகைக் கரையேற்றி, அடிப்பலகைக்குப் பூச்சு பூசி, கயிறும் பாயும் சரிபார்க்கும் வேளை. புதுக் கணக்கு தொடங்க இதைவிட வசதியான நேரம் எது? ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று நம் பெரியவர்கள் களத்துமேட்டில் நின்று சொன்னதை அந்த மக்கள் கடலில் நின்று கடைப்பிடித்தார்கள்.

மாதம் இல்லாத காலண்டர்

கடலோடிகளின் நாள் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. அவர்களுக்கு மாதமே தேவைப்படவில்லை!

முஸ்லிம் மாலுமிகளுக்கு நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறைக் கணக்கு இருந்தது. ஆனால் பிறை வருடம் சூரிய வருடத்தைவிட சுமார் 11 நாள் குறைவு. ரமலான் ஒரு வருடம் கோடையில் வரும், சில வருடம் கழித்துக் குளிரில் வரும். காற்று அப்படி நகராது. அதனால் தொழிலுக்கு வேறு கணக்கு வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீக வருடத்தையே வைத்துக்கொண்டார்கள். நவ்ரூஸ் முதல் நாள். அதிலிருந்து 1, 2, 3 என்று 365 வரை எண்ணிக்கொண்டே போவது. ‘நவ்ரூஸிலிருந்து இத்தனையாவது நாள் இந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பு’ என்பதுதான் குறிப்பு. மாதப் பெயரும் இல்லை, 30ஆ 31ஆ என்ற குழப்பமும் இல்லை.

இதற்குச் சிறந்த சாட்சி இப்னு மாஜித். வளைகுடாவின் அரபுக் கரையில், இன்றைய ராஸ் அல் கைமாவுக்குப் பக்கத்தில் இருந்த ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். 1490 வாக்கில் அரபியில் ஒரு பெரிய கடற்பயண நூல் எழுதினார். அதில் பயண நாட்களெல்லாம் நவ்ரூஸ் கணக்கில்தான் இருக்கின்றன. அவருக்கு அடுத்து வந்த சுலைமான் அல் மஹ்ரியும் அதே முறையில் எழுதினார். எழுதிய மொழி அரபி, எண்ணிய வருடம் பாரசீகம். தொழிற்சொற்களும் அப்படித்தான். கப்பல் தலைவனுக்கு ‘நாகுதா’. ‘நாவ்’ என்றால் கப்பல், ‘குதா’ என்றால் தலைவன். மாலுமிகளின் வழிகாட்டிப் புத்தகத்துக்கு ‘ரஹ்மானி’ என்று பெயர். இது ‘ராஹ் நாமே’, அதாவது வழி நூல், என்ற பாரசீகச் சொல்லின் திரிபு. துறைமுகம் ‘பந்தர்’. கரை எதுவானாலும் கடலில் பேச்சு கலந்துதான் இருந்தது.

இந்தக் கலப்புக்கு வயது அதிகம். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் ஈரான் கரையின் சிராஃப் துறைமுகத்திலிருந்து இந்தியா வழியாகச் சீனா வரை கப்பல்கள் போயின. 10ஆம் நூற்றாண்டில் புசுர்க் இப்னு ஷஹ்ரியார் என்ற கப்பல் தலைவர் தொகுத்த ‘இந்தியாவின் அதிசயங்கள்’ நூலில் அப்ஹாரா என்று ஒருவர் வருகிறார். கெர்மான்காரர். ஆடு மேய்த்து, பிறகு மீன் பிடித்து, பிறகு மாலுமியாகி, கடைசியில் கப்பல் தலைவரானவர். சீனாவுக்கு ஏழு முறை போய்வந்தார் என்கிறது அந்த நூல். இன்றைய சுயமுன்னேற்றப் புத்தகக்காரர்கள் கண்ணில் இவர் எப்படிப் படாமல் போனார் தெரியவில்லை!

கால் நாள் செய்த கலாட்டா

இந்தப் பாரசீக வருடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பன்னிரண்டு முப்பது 360, கூட 5 நாள், ஆக 365. லீப் வருடம் கிடையாது. உண்மையான சூரிய வருடம் கிட்டத்தட்ட 365¼ நாள். அந்தக் கால் நாளைச் சேர்க்காததால், நான்கு வருடத்துக்கு ஒரு நாள் வீதம் நவ்ரூஸ் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போனது.

கடைசி சாசானிய அரசர் மூன்றாம் யஸ்தகிர்து பட்டமேறிய வருடத்தின் நவ்ரூஸ் 632 ஜூன் 16. அங்கிருந்து நீங்களே கணக்குப் போடலாம். 895ல் அது ஏப்ரல் நடுவுக்கு வந்துவிட்டது. 1079ல் பிப்ரவரிக் கடைசி. 1271ல் ஜனவரி முதல் வாரம் தாண்டி. 1490ல், இப்னு மாஜித் எழுதும்போது, நவம்பர் நடு. (எல்லாம் பழைய ஜூலியன் தேதிகள்.) எட்டரை நூற்றாண்டில் ஒரு புத்தாண்டு கோடையிலிருந்து குளிர்காலத்தின் வாசலுக்கு நடந்துபோயிருக்கிறது!

நிலத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி ஆனது. காரணம் சமயமோ வானியலோ அல்ல. வரி! (வணிகவியல்காரர்கள் இங்கே காதைத் தீட்டிக்கொள்ளலாம்.) நிலவரி வசூல் நவ்ரூஸை ஒட்டித் தொடங்கும். நவ்ரூஸ் முன்னால் நகர நகர, கதிர் பச்சையாக இருக்கும்போதே வரிகேட்டு ஆள் வந்து நின்றார்கள். விவசாயி என்ன செய்வார்? கடன் வாங்கினார். கலீபா முதவக்கில் இதைச் சரிசெய்ய ஆணையிட்டார். அது நடைமுறைக்கு வருவதற்குள் 861ல் கொலையுண்டார். பிறகு கலீபா முஃததித் 895ல் நவ்ரூஸை ஒரே தூக்காக 60 நாள் தள்ளி ஜூன் 11ல் வைத்தார். இந்தக் கதையை எழுதிவைத்தவர் அறிஞர் அல் பிரூனி. அடுத்து 1079ல் செல்ஜூக் மன்னர் மலிக் ஷா காலத்தில், உமர் கய்யாமும் இடம்பெற்ற வானியலாளர் குழு, நவ்ரூஸை மார்ச் சமநாளோடு சேர்த்துக் கட்டியது. அதன் வழித்தோன்றலான காலண்டரைத்தான் ஈரான் 1925ல் சட்டப்படி ஏற்றுக்கொண்டது.

ஆனால் கடலில்? 1079ல் நிலத்துக்கு நவ்ரூஸ் சரியாகிவிட்டது. அதற்கு நானூறு வருடம் கழித்தும் மாலுமிகள் பழைய நகரும் நவ்ரூஸிலேயே எண்ணிக்கொண்டிருந்தார்கள். முட்டாள்தனமா? இல்லை. அவர்களுக்கு அந்தப் பிழை வலிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு நாகுதா முப்பது வருடம் கப்பல் ஓட்டினால், அவர் வாழ்நாளில் கணக்கு ஏழெட்டு நாள்தான் நகரும். அந்த ஏழெட்டு நாளைத் தன் அனுபவத்தில் அவர் சரிசெய்துகொள்வார். காற்று எண்ணை மீறி வந்தால் காற்றைத்தான் நம்புவார். ஆனால் தாத்தாவின் தாத்தா எழுதிய ரஹ்மானியை அப்படியே நம்பினால் ஆபத்து. 1271ல் 100ஆம் நாள் கிளம்பு என்று எழுதியிருந்தால், 1490ல் அதே காற்றுக்கு ஏறத்தாழ 155ஆம் நாள் கிளம்ப வேண்டும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் எண்களைத் திருத்தி எழுதியாக வேண்டும். இந்தக் காலண்டர் தானாக வேலை செய்யாது. தெரிந்த ஆள் ஒருவர் கூடவே இருந்தால்தான் வேலை செய்யும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நகரும் 365 நாள் வருடம் இன்றும் உயிரோடு இருக்கிறது, நம் நாட்டிலேயே. பார்சிகளில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷஹன்ஷாஹி கணக்கும், சிறு பிரிவினரின் கத்மி கணக்கும் அதே யஸ்தகிர்து காலண்டரின் பிள்ளைகள். கத்மி புத்தாண்டு இப்போது ஜூலை நடுவிலும், ஷஹன்ஷாஹி புத்தாண்டு அதற்குச் சரியாக 30 நாள் கழித்து ஆகஸ்ட் நடுவிலும் வருகின்றன. 632ல் ஜூனில் கிளம்பிய நவ்ரூஸ் கிட்டத்தட்ட ஒரு முழு வருடத்தையும் பின்னோக்கிச் சுற்றி மறுபடி கோடைக்கு வந்து நிற்கிறது.

வானத்தில் ஓர் ஆணி

நகராத கணக்கு வேண்டுமென்றால் வானத்தில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். வளைகுடாக் கடலோடிகள் அடித்த ஆணி, சுஹைல் நட்சத்திரம்.

இது நமக்கும் பழக்கமான ஆள்தான். நாம் அகத்தியர் என்று சொல்கிறோம். தென்வானில், பிரகாசத்தில் சிரியஸுக்கு அடுத்த இடம். சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் சுமார் 24 பாகை வரை ஏறும். கெஷ்ம் தீவில் 10 பாகைதான். கையை நீட்டி முட்டியை மடக்கினால் எவ்வளவு உயரமோ அவ்வளவு. கோடையில் சூரிய வெளிச்சத்தில் மறைந்து கிடக்கும் சுஹைல், ஆகஸ்ட் நடுவுக்கு மேல் ஒரு விடியற்காலையில் தெற்கே மறுபடி தலைகாட்டும். வெயிலின் உச்சம் முடிந்தது, கடல் திறக்கப்போகிறது என்று அர்த்தம். கரையில் இருக்கும் கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது நல்ல சேதி.

வளைகுடாவில் வழங்கும் ‘துரூர்’ என்ற கணக்கு சுஹைல் உதயத்தை ஒட்டித் தொடங்குகிறது. வருடத்தைப் பத்துப் பத்து நாளாக வெட்டுகிறார்கள். முதல் நூறு இலையுதிர் காலம், இரண்டாம் நூறு குளிர், மூன்றாம் நூறு வெப்பம் ஏறும் காலம், கடைசி அறுபது கொடும் கோடை. மிச்சம் 5 நாள். அவற்றுக்குத் ‘திருடப்பட்ட ஐந்து’ என்று பெயர்! கூட்டினால் 365. எழுதப் படிக்கத் தெரியாத மாலுமிகூட ‘இரண்டாம் நூறில் நாற்பது’ என்று சொன்னால் போதும், எந்தக் காற்று வீசும், எந்த மீன் வரும், எப்போது கரையேற வேண்டும் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

காற்றுகளுக்கும் பெயர் உண்டு. வடமேற்கிலிருந்து வருவது ஷமால். தென்கிழக்கிலிருந்து வருவது கவ்ஸ். சுஹைல் இருக்கும் பக்கத்திலிருந்து வந்தால் சுஹைலி. சப்தரிஷி மண்டலம் இருக்கும் வடகிழக்கிலிருந்து குளிரில் வருவது நஃஷி. நட்சத்திரத்தின் பெயரைக் காற்றுக்கு வைத்த மக்கள் இவர்கள்.

எண்ணிக்கை தவறினால் என்ன ஆகும்? உயிர் போகும். 1925ல் முத்துக்குளிப்புப் பருவம் முடியும் தறுவாயில் வளைகுடாவில் திடீர்ப் புயல் ஒன்று அடித்தது. எத்தனையோ படகுகள் மூழ்கின. அரபுக் கரையில் அந்த வருடத்தையே ‘மூழ்கிய ஆண்டு’ என்று சொல்கிறார்கள். பருவம் மாறும் அந்தச் சில நாட்களைத்தான் மாலுமிகள் மிகவும் பயந்து எண்ணினார்கள்.

பணமும் இந்த எண்ணிக்கையில்தான் தொங்கியது. வளைகுடாக் கப்பல்களில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். 1938–39ல் ஒரு குவைத் கப்பலில் பயணம் செய்த ஆலன் வில்லியர்ஸ் அந்த முறையை விவரித்திருக்கிறார். பயணச் செலவு போக மிஞ்சியதில் பாதி கப்பலுக்கு, பாதி ஆட்களுக்கு. முத்துக் குளிப்பவர்கள் பருவத் தொடக்கத்தில் முன்பணம் வாங்குவார்கள், பருவம் முடிந்ததும் கணக்குத் தீர்ப்பார்கள். முத்து சரியாகக் கிடைக்காவிட்டால் கடன் அடுத்த வருடத்துக்குப் போகும். எனவே கடல் வருடம் அவர்களுக்கு நிதியாண்டும்கூட. புத்தாண்டு சந்தோஷமா துக்கமா என்பது பேரேட்டின் கடைசி வரியைப் பொறுத்தது.

இப்போது என்ன மிச்சம்?

ஈரான் கரையில் ஓடிய மரக்கப்பலுக்கு லெஞ்ச் என்று பெயர். அதைக் கட்ட நம் மலபாரிலிருந்து தேக்கு போனது. யுனெஸ்கோ 2011ல் லெஞ்ச் கட்டும், ஓட்டும் கலையைப் பட்டியலில் சேர்த்தது. நவ்ரூஸ் இருக்கும் பெருமைப் பட்டியலில் அல்ல, உடனே காப்பாற்ற வேண்டியவை என்ற அவசரப் பட்டியலில். சூரியன், நிலா, நட்சத்திரங்களை வைத்து இடம் கணிப்பது, தண்ணீரின் நிறத்தையும் அலையின் உயரத்தையும் பார்த்து வானிலை சொல்வது, பாய் ஏற்றும்போது பாடும் பாட்டு எல்லாம் அந்தக் கலையில் அடக்கம். தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். மரத்துக்குப் பதில் விலை குறைந்த ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. புது லெஞ்ச் கட்டிய பட்டறைகள் பழையவற்றைப் பழுதுபார்க்கும் இடங்களாகிவிட்டன.

நான் பட்டறைகளைவிட அந்த எண்ணிக்கையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். பட்டறை மூடினால் கண்ணுக்குத் தெரியும். நாள் எண்ணுவதை ஒருவர் நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. மோட்டார் வந்த பிறகு காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜி.பி.எஸ். வந்த பிறகு சுஹைலைத் தேட வேண்டியதில்லை. 155ஆம் நாளா 156ஆம் நாளா என்று தலையைச் சொறிய வேண்டியதும் இல்லை. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. மாலுமியின் பிள்ளை பாதுகாப்பாக வீடு திரும்புகிறான் என்றால் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தக் காலண்டர், தெரிந்த ஆள் கூடவே இருந்தால்தான் வேலை செய்யும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதுதான் பிரச்சினை. சுவரில் மாட்டும் காலண்டரை நூறு வருடம் கழித்தும் எடுத்துப் படிக்கலாம். திருத்தித் திருத்தி வாய்வழியாகக் கைமாறிய கணக்கு ஒரு தலைமுறை விட்டுப்போனால் வெறும் எண்களாகிவிடும்.

அப்படியென்றால் சலாக்கில் மட்டும் புத்தாண்டு எப்படித் தப்பியது? எனக்குத் தோன்றும் பதில் எளிமையானது. சான்சிபார் போன மாலுமிக்குக் காலண்டர் காற்றைப் பிடிக்க. காற்றின் தேவை போனதும் கணக்கும் போயிற்று. மீனவருக்குக் காலண்டர் மீனுக்காக. மோட்டார் படகில் போனாலும் மீன் தன் பருவத்தில்தான் வரும், தன் பருவத்தில்தான் முட்டையிடும். ஆகவே அந்த ஒரு நாள் படகைக் கட்டிப்போடுவதற்கு இன்றும் அர்த்தம் இருக்கிறது. வேலை இருக்கும் வரைக்கும்தான் காலண்டருக்கு உயிர். அதன் பிறகு அது திருவிழாவாகலாம், சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கலாம், ஆனால் அதை வைத்து யாரும் கப்பல் ஓட்ட மாட்டார்கள்.

நிலத்தின் நவ்ரூஸை அரசர்களும் கலீபாக்களும் வானியலாளர்களும் சேர்ந்து திருத்தினார்கள். அதனால் அது சட்டத்தில் ஏறிப் பத்திரமாக இருக்கிறது. கடலின் நவ்ரூஸைத் திருத்தியவர்கள் பெயர் தெரியாத நாகுதாக்கள். அவர்கள் விட்டுச்சென்றதில் இன்று கண்ணுக்குத் தெரிவது, ஜூலைக் கடைசியில் ஒரு காலை, கரையேற்றிய படகுகள், இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒரு கிராமம். அன்று மாலை வரை அவர்கள் வலையைத் தொட மாட்டார்கள். மறுநாள் விடிந்ததும் போவார்கள். புது வருடத்தின் முதல் மீன் அப்போதுதான் கரைக்கு வரும்.